இந்தியக் கிரிக்கெட் அணித்தேர்வும் ரசிகர் மனக்குறையும்: நடைமுறை நீதி நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டுக் கிரிக்கெட்டில் அணி அறிவிக்கப்படும்போதெல்லாம் ரசிகர்களிடையே மனக்குறை எழுகிறது. இது மண்டலப் பற்றாகவோ, தனிப்பட்ட வீரர்மீது கொண்ட மிகைப்பற்றாகவோ பெரும்பாலும் விளக்கப்படுகிறது. 1984, 2005, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் இந்திய அணித்தேர்வையொட்டி எழுந்த எதிர்ப்புகளை ஒப்பிடும் இக்கட்டுரை, அவ்விளக்கங்கள் ஓரளவே பொருந்துகின்றன என்பதைக் காட்டுகிறது. தேர்வுக்கான காரணம் சொல்லப்படாமை, காலந்தாழ்ந்து சொல்லப்படுதல், முன்பு சொன்ன சொல் பின்வந்த முடிவில் கைவிடப்படுதல் ஆகிய மூன்றுமே மனக்குறையைக் கோபமாக மாற்றுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். காரணம் அறியாத கோபம் முடிவெடுத்தவரைச் சேராமல் களத்தில் நிற்கும் வீரரைச் சேர்கிறது என்பதும் இங்கு விளக்கப்படுகிறது.

குறிச்சொற்கள்: கிரிக்கெட், அணித்தேர்வு, ரசிகர், நடைமுறை நீதி, மண்டலப் பிரதிநிதித்துவம், பொறுப்புடைமை.

முன்னுரை

2018–19 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் 37 அணிகள் ஆடின. அணிக்குப் பதினொருவர் எனக் கணக்கிட்டாலும் 407 ஆட்டக்காரர்கள். 2019 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உலகக் கோப்பை அணியில் இருந்த இடங்களோ 15. எனவே அணித்தேர்வு என்பது சிலரைச் சேர்க்கும் செயல் என்பதைக் காட்டிலும் பலரை விலக்கும் செயலாகவே அமைகிறது. விலக்கப்பட்ட அனைவருக்காகவும் ரசிகர்கள் குரல் எழுப்புவதில்லை. பெரும்பாலான விலக்கல்கள் அமைதியாக ஏற்கப்படுகின்றன. சில விலக்கல்கள் மட்டும் பல்லாண்டுகள் கழிந்தும் ஆறாத குறையாக நினைவில் நிற்கின்றன. இவ்வேறுபாட்டிற்கான காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

ரசிகரின் நிலை தனித்தன்மை உடையது. ஒரு நிறுவனத்தின் செயல்பாடு சரியும்போது அதனோடு தொடர்புடையோர்க்கு வெளியேறுதல், குரல் எழுப்புதல் என்னும் இரு வழிகள் உள்ளன என்றும், பற்றுறுதி இவ்விரண்டிற்கும் இடையே நின்று செயல்படுகிறது என்றும் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தேசிய அணியின் ரசிகருக்கு வெளியேறும் வழி ஏறத்தாழ அடைபட்டுள்ளது. கடையை மாற்றுவது போல நாட்டின் அணியை மாற்றிக்கொள்ள இயலாது. எஞ்சுவது குரல் மட்டுமே. அக்குரலைக் கேட்டு விடையளிக்க வேண்டிய கடப்பாடு தேர்வுக் குழுவுக்கு முறைப்படி இல்லை. பற்று மிகுந்தும் விடை பெறும் உரிமை இல்லாமலும் இருக்கும் இந்நிலையே மனக்குறையின் விளைநிலம் எனலாம்.

தேர்வின் இரு படிநிலைகள்

பொதுப்பேச்சில் ‘அணித்தேர்வு’ என்னும் ஒரே சொல் இரு வேறு முடிவுகளைக் குறிக்கிறது. ஒரு தொடருக்கான வீரர் குழுவைத் தேசியத் தேர்வுக் குழு அமைக்கிறது. அவ்வீரர்களிலிருந்து ஒரு குறிப்பிட்ட போட்டியில் ஆடும் பதினொருவரை அணித் தலைவரும் பயிற்சியாளரும் அடங்கிய அணி நிருவாகம் முடிவுசெய்கிறது. முன்னது தகுதியுடையோரை ஆராய்ந்து ஏற்பது. பின்னது ஏற்கப்பட்டோருள் குறிப்பிட்ட பணிக்கு உரியவரை அமர்த்துவது. திருக்குறளின் பொருட்பால் இவ்விரு செயல்களையும் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்த இரு அதிகாரங்களில் தனித்தனியே பேசுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆட்சிக்குக் கூறப்பட்ட அப்பகுப்பு விளையாட்டு அணித்தேர்வைப் புரிந்துகொள்ளவும் துணைபுரிகிறது.

இந்தியாவில் தேர்வுக் குழு நீண்டகாலமாக வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்னும் ஐந்து மண்டலங்களிலிருந்து மண்டலத்துக்கு ஒருவராக அமைந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2016 ஜனவரியில் அளித்த அறிக்கையில், தேர்வாளர் எண்ணிக்கையை மூன்றாகக் குறைக்கவும் டெஸ்ட் போட்டிகளில் ஆடியவர்களையே தேர்வாளராக அமர்த்தவும் பரிந்துரைத்தது. எனினும் 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்ற கிரிக்கெட் வாரிய விதிகளில் ஐவர் குழுவே மீண்டும் இடம்பெற்றது. 7 டெஸ்ட் போட்டிகள், அல்லது 30 முதல்தரப் போட்டிகள், அல்லது 10 ஒருநாள் பன்னாட்டுப் போட்டிகளும் 20 முதல்தரப் போட்டிகளும் ஆடியிருத்தல் தேர்வாளருக்குரிய தகுதியாக வரையறுக்கப்பட்டது.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. தேர்வு செய்பவருக்கான தகுதி எண்களால் எழுதப்பட்டுள்ளது. தேர்வு செய்யப்படுபவரை அளக்கும் அளவுகோல் அவ்வாறு எழுதி வெளியிடப்படுவதில்லை. உள்நாட்டுப் போட்டியில் குவித்த ஓட்டங்களுக்கு எவ்வளவு மதிப்பு, அண்மைக்கால ஆட்டத்திற்கு எவ்வளவு, வயதிற்கும் உடற்தகுதிக்கும் எவ்வளவு என்பன தேர்வாளரின் மதிப்பீட்டிற்கே விடப்பட்டுள்ளன. அறிவிப்பில் பெயர்ப்பட்டியல் வருகிறது. அப்பட்டியலை உருவாக்கிய ஒப்பீடு பெரும்பாலும் வருவதில்லை. அந்த வெற்றிடத்தை ரசிகர் தம் ஊகத்தால் நிரப்புகிறார்.

மண்டலப் பற்று என்னும் விளக்கமும் அதன் எல்லையும்

அந்த ஊகங்களுள் மிகப் பழையது மண்டலச் சார்பு. தேர்வுக் குழுவே மண்டல அடிப்படையில் அமைந்தபோது, அதன் முடிவுகளை மண்டலக் கண்ணோடு பார்ப்பது இயல்பாயிற்று. 2005ஆம் ஆண்டு நிகழ்வுகள் இதற்குத் தக்க சான்று. ஜிம்பாப்வே பயணத்திற்குப் பின் சௌரவ் கங்குலி அணித் தலைவர் பொறுப்பை இழந்தார்; ஒருநாள் அணியிலும் இடம்பெறவில்லை. அந்நிலையில் 2005 நவம்பர் 25 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஒருநாள் போட்டி நடைபெற்றது. சொந்த மண்ணில் ஆடிய இந்திய அணி பார்வையாளர்களின் கேலிக்கு ஆளாயிற்று. தென்னாப்பிரிக்க வீரர்களுக்குக் கைத்தட்டல் கிடைத்தது. இந்தியா எடுத்த 188 ஓட்டங்களைத் தென்னாப்பிரிக்கா விக்கெட் இழப்பின்றிக் கடந்தது. அடுத்த மாதம் டெல்லி டெஸ்டில் 40, 39 என ஓட்டங்கள் எடுத்த பின்னும் கங்குலி அடுத்த டெஸ்டுக்கு விலக்கப்பட்டபோது, கொல்கத்தாவில் தெருப் போராட்டங்கள் நடந்தன. வங்காளத்தின் மைந்தருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே அது பேசப்பட்டது.

ஆயினும் இவ்விளக்கத்தை எல்லா நிகழ்வுகளுக்கும் விரிக்க முடியாது. அதே ஈடன் தோட்டத்தில் 1984ஆம் ஆண்டின் இறுதி நாளில் தொடங்கிய இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் கபில்தேவ் இடம்பெறவில்லை. அதற்கு முந்தைய டெல்லி டெஸ்டில் பொறுப்பற்ற அடியால் ஆட்டமிழந்தார் என்பது காரணம். அதே காரணத்திற்காகச் சந்தீப் பாட்டீலும் நீக்கப்பட்டார். கபில் இல்லையேல் டெஸ்ட் இல்லை என்னும் முழக்கம் கொல்கத்தாவில் எழுந்தது. கபில்தேவ் ஹரியானாவைச் சேர்ந்தவர். வங்காளத்தோடு அவருக்கு மண்டலத் தொடர்பு இல்லை. அதற்கு முன் 1973இல் இங்கிலாந்துத் தொடரின்போது சலீம் துரானி கான்பூர் டெஸ்டில் ஒதுக்கப்பட்டதையொட்டியும் இத்தகைய முழக்கம் எழுந்தது. துரானி இராஜஸ்தான் அணிக்காக ஆடியவர். அடுத்து வந்த பம்பாய் டெஸ்டில் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டார்.

131 டெஸ்ட் போட்டிகள் ஆடிய கபில்தேவ், அணியிலிருந்து நீக்கப்பட்டதால் இழந்த ஒரே டெஸ்ட் அந்தக் கொல்கத்தா டெஸ்டே. ஒரு தவறான அடிக்கு அத்தண்டனை தகுமா என்பதே அன்றைய எதிர்ப்பின் உட்பொருள். குற்றத்திற்கும் தண்டனைக்கும் இடையிலான அளவைப் பற்றிய வினா அது. மண்டலப் பற்று மனக்குறைக்கு மொழியைத் தருகிறது. மனக்குறை தோன்றுவதற்கு அது இன்றியமையாதது அன்று என்பது இதனால் பெறப்படும்.

2019 உலகக் கோப்பை: நான்காம் இடம்

மண்டல விளக்கம் முற்றிலும் பொருந்தாத நிகழ்வு அம்பதி ராயுடுவின் விலக்கல். இந்திய ஒருநாள் அணியில் நான்காவதாகக் களமிறங்கும் மட்டையாளர் யார் என்னும் சிக்கல் 2019க்கு முன் நெடுங்காலம் நீடித்தது. 2018 அக்டோபரில் மும்பை பிரேபோர்ன் அரங்கில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ராயுடு சதம் அடித்தார். கிடைத்த வாய்ப்பை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார் என்றும், உலகக் கோப்பை வரை அவருக்குத் துணைநிற்க வேண்டும் என்றும் அணித் தலைவர் விராட் கோலி வெளிப்படையாகக் கூறினார். அடுத்த மாதம் ராயுடு, குறுகிய வடிவ ஆட்டங்களில் முழுக்கவனம் செலுத்தும்பொருட்டு முதல்தரப் போட்டிகளிலிருந்து விலகினார். நான்காம் இடம் முடிவாகிவிட்டது என்றே ரசிகர்கள் கருதினர்.

2019 ஏப்ரல் 15 அன்று அறிவிக்கப்பட்ட பட்டியலில் ராயுடுவின் பெயர் இல்லை. தமிழ்நாட்டின் விஜய் சங்கர் இடம்பெற்றார். மட்டைவீச்சு, பந்துவீச்சு, களத்தடுப்பு என்னும் மூன்று பரிமாணங்களிலும் விஜய் சங்கர் பயன்படுவார் எனத் தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் காரணம் கூறினார். உலகக் கோப்பையைக் காண முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக ராயுடு இட்ட கிண்டல் பதிவு நாடெங்கும் பரவியது. பிரசாத், ராயுடு இருவருமே ஆந்திரத்தின் குண்டூரைச் சேர்ந்தவர்கள். எனவே மண்டலச் சார்பு என்னும் பழைய குற்றச்சாட்டுக்கு இங்கு இடமில்லை.

பட்டியல் வெளியானபோது எழுந்தது மனக்குறை. அதனைக் கோபமாக்கியவை பின்வந்த முடிவுகள். ராயுடு மாற்று வீரர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார். ஷிகர் தவன் காயமுற்று வெளியேறியபோது, அதே பட்டியலில் இருந்த ரிஷப் பந்த் அழைக்கப்பட்டார். விஜய் சங்கர் காயமுற்று வெளியேறியபோது, அதுவரை ஒருநாள் பன்னாட்டுப் போட்டி எதிலும் ஆடாத, மாற்று வீரர் பட்டியலிலும் இல்லாத மயங்க் அகர்வால் அழைக்கப்பட்டார். ஜூலை 3 அன்று ராயுடு ஓய்வை அறிவித்தார். 55 ஒருநாள் போட்டிகளில் அவருடைய சராசரி 47.05. ஆகஸ்டு இறுதியில் ஓய்வு முடிவைத் திரும்பப் பெற்றபோதும் அவர் இந்திய அணிக்கு மீளவில்லை.

இம்முடிவுகளுக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. இடக்கை மட்டையாளரான தவனுக்கு மாற்றாக மற்றோர் இடக்கையாளரை அணி நிருவாகம் கேட்டது. கே.எல். ராகுலுக்குக் களத்தில் ஏற்பட்ட அடியால் இரண்டாம் முறை தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் தேவைப்பட்டார். இவற்றை ஜூலை 21 அன்று செய்தியாளர்களிடம் பிரசாத் விரிவாக விளக்கினார். அதற்குள் அரையிறுதியில் நியூசிலாந்திடம் 18 ஓட்ட வேறுபாட்டில் தோற்று இந்தியா வெளியேறியிருந்தது. அப்போட்டியில் 5 ஓட்டங்களுக்குள் முதல் மூவரும் வீழ்ந்தனர். உரிய நேரத்தில் விளக்கமாக ஏற்கப்பட்டிருக்கக்கூடிய காரணம், தோல்விக்குப் பின் சொல்லப்பட்டதால் சமாளிப்பாகவே கேட்டது.

ஆடாத வீரர் தோற்பதில்லை

ரசிகரின் தீர்ப்பு எப்போதும் செம்மையானது என்று கொள்வதற்கில்லை. நிகழ்ந்த முடிவை அறிந்த பின், அது முன்பே தெளிவாகத் தெரிந்திருந்ததாகக் கருதும் மனப்போக்கை உளவியலறிஞர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் ஆராய்ந்து காட்டினார். அணித்தேர்வில் இம்மனப்போக்கு வலுவாகச் செயல்படுகிறது. களமிறங்கியவர் ஒவ்வொரு நாளும் தோற்க நேரலாம். விலக்கப்பட்டவருக்கு அந்த ஆபத்து இல்லை. அணி வென்றால் விலக்கல் மறக்கப்படுகிறது. தோற்றால், விலக்கப்பட்டவர் ஆடியிருந்தால் என்னும் கற்பனைப் போட்டி ரசிகர் மனத்தில் தொடங்குகிறது. அப்போட்டியில் அவர் எப்போதும் வெல்கிறார்.

2023 ஜூனில் இலண்டன் ஓவல் அரங்கில் நடந்த உலக டெஸ்ட் வாகையர் இறுதிப் போட்டி இதற்கு எடுத்துக்காட்டு. டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் அப்போது முதலிடத்திலும், 474 விக்கெட்டுகளோடும் இருந்த இரவிச்சந்திரன் அசுவின் ஆடும் பதினொருவரில் சேர்க்கப்படவில்லை. முன்பு வகுத்த பகுப்பின்படி, தெளிதலில் ஏற்கப்பட்டவர் வினையாடலில் விடப்பட்டார். மேகமூட்டமும் ஆடுகளத்தின் தன்மையும் கருதி நான்காவது வேகப்பந்து வீச்சாளரை அணி நிருவாகம் விரும்பியது. ஆஸ்திரேலிய வரிசையில் இடக்கை மட்டையாளர் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரான டிராவிஸ் ஹெட் 163 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 209 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. இவ்விலக்கலைத் தம்மால் புரிந்துகொள்ள இயலவில்லை எனச் சச்சின் டெண்டுல்கரும் பதிவிட்டார்.

அசுவின் ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நிறுவ இயலாது. ஆனால் இம்மனக்குறை தோல்விக்குப் பின் மட்டும் பிறந்ததன்று. 2021 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்டுகளிலும் அவர் வெளியே அமர்த்தப்பட்டிருந்தார். அத்தொடரில் இந்தியா 2–1 என முன்னிலை பெற்றிருந்தபோதும் அவ்வினா ஓயவில்லை. வென்ற அணியிடமும் ரசிகர் காரணம் கேட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னறிவு மயக்கம் மனக்குறையைப் பெருக்குகிறது. அதுவே மனக்குறையின் தோற்றுவாய் என்று கூற இயலாது.

நடைமுறை நீதியின் அளவுகோல்கள்

தமக்கு எதிரான முடிவையும், அம்முடிவுக்கு வந்த முறை நேர்மையானது எனக் கருதினால், மக்கள் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு மிகுகிறது என்பது ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் ஆகியோர் 1975இல் முன்வைத்த நடைமுறை நீதிக் கோட்பாட்டின் சாரம். 1980இல் ஜெரால்டு லெவன்தால் நேர்மையான நடைமுறைக்கு ஆறு விதிகளை வகுத்தார். அவை ஒருசீர்மை, சார்பின்மை, தகவல் துல்லியம், திருத்தத்திற்கு இடமளித்தல், தொடர்புடையோர் பிரதிநிதித்துவம், அறநெறி என்பன.

இவ்விதிகளைக் கொண்டு நோக்கினால் மேற்கண்ட நிகழ்வுகள் வெவ்வேறு இடங்களில் தடுக்கி விழுந்திருப்பது புலனாகும். மண்டல அடிப்படையிலான குழு, பிரதிநிதித்துவம் என்னும் ஒரு விதிக்கு விடையாக அமைந்தது. அதே அமைப்பு சார்பின்மை குறித்த ஐயத்தையும் வளர்த்தது. 1984இல் எழுந்த வினா ஒருசீர்மை பற்றியது: ஒரு முறை தவறான அடி ஆடுவோர் அனைவரும் இவ்வாறு நீக்கப்படுவரா என்பது. 2019இல் ஒருசீர்மை மும்முறை குலைந்ததாக ரசிகர் கண்டனர். அணித் தலைவரின் சொல் பட்டியலில் பின்பற்றப்படவில்லை. மாற்று வீரர் பட்டியல் வெளியிடப்பட்டும் இரண்டாம் அழைப்பில் கைவிடப்பட்டது. நான்காம் இடத்திற்கெனத் தேர்ந்தவரை நிலையாக அங்கு வைக்காமல், ராகுல், ஹர்திக் பாண்டியா, விஜய் சங்கர், பந்த் என அத்தொடரில் பலர் அவ்விடத்தில் ஆடினர்.

தேர்வாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. எதிரணி அறியக்கூடாத உத்திகள் உள்ளன. ஒரு வீரரின் உடல்நலச் செய்தி அவருக்கே உரியது. ஒருவரின் குறையைப் பொதுவில் விரித்துரைப்பது அவருடைய எதிர்காலத்தைக் கெடுக்கும். அனைத்தையும் வெளியிடுதல் இயலாது; தேவையும் இல்லை. நடைமுறை நீதி கேட்பது அதனினும் சிறியது: இன்ன பணிக்கு இன்னார் என்னும் நோக்கம், அந்நோக்கம் மாறும்போது மாறியது என்னும் ஒப்புதல், இரண்டும் உரிய காலத்தில்.

கோபம் சென்று சேரும் இடம்

காரணம் வெளிப்படாதபோது கோபம் மறைந்துவிடுவதில்லை; கண்ணுக்குத் தெரிபவரைத் தேடிச் செல்கிறது. 1984 கொல்கத்தா டெஸ்டில் அது அணித் தலைவர் சுனில் கவாஸ்கரைத் தாக்கியது. நீக்கம் தேர்வுக் குழுவின் முடிவாக இருந்தபோதும், பார்வையாளர் முன் நின்றவர் அவரே. 1987இல் பாகிஸ்தானுக்கு எதிரான கொல்கத்தா டெஸ்டில் ஆடாமல் அவர் ஒதுங்கிக்கொண்டார். தொடர்ந்து 106 டெஸ்டுகள் ஆடிய அவருடைய வரிசை அங்கு முறிந்தது.

2019இல் அச்சுமை 28 வயது விஜய் சங்கர்மீது விழுந்தது. உலகக் கோப்பையில் தாம் வீசிய முதல் பந்திலேயே பாகிஸ்தானின் இமாம் உல் ஹக்கை வீழ்த்தி, அப்போட்டியில் 22 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர். மூன்று போட்டிகளில் மட்டைபிடித்து 58 ஓட்டங்கள் எடுத்த நிலையில் கால்விரல் காயத்தால் நாடு திரும்பினார். அதன்பின் அவருக்கு இந்திய அணியில் வாய்ப்பு அமையவில்லை. ‘முப்பரிமாணம்’ என்னும் சொல்லைச் சொன்னவர் தேர்வாளர். அது கேலிப்பெயராகி ஒட்டிக்கொண்டது வீரர்மீது. தம்மைத் தேர்ந்தெடுக்குமாறு அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. ராயுடுவை விலக்கியதும் அவரல்லர். முடிவெடுத்தவருக்கும் ரசிகருக்கும் இடையில் விளக்கம் இல்லாத இடத்தில் நிறுத்தப்பட்டதே அவர் செய்த குற்றம்.

இக்கோபத்தை வெற்று உணர்ச்சி எனத் தள்ளிவிடவும் முடியாது என்பதற்கு இங்கிலாந்து வரலாற்றில் சான்று உண்டு. 1968 ஆகஸ்டில் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் எடுத்த பாசில் டி’ஒலிவேரா, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் அணியில் சேர்க்கப்படவில்லை. கேப் டவுனில் பிறந்த அவர் அந்நாட்டுச் சட்டப்படி வெள்ளையர் அல்லாதவர். கிரிக்கெட் தகுதி மட்டுமே கருதப்பட்டது எனத் தேர்வாளர் கூறியதைப் பலர் ஏற்கவில்லை. டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகியபோது டி’ஒலிவேரா சேர்க்கப்பட்டார், தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அவ்வணியை ஏற்க மறுத்தார், பயணம் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்கா பன்னாட்டுக் கிரிக்கெட்டிலிருந்து 1991 வரை விலக்கப்பட்டதற்கு வழிவகுத்த நிகழ்வுகளுள் இது முதன்மையானது. அன்று ரசிகர் எழுப்பிய ஐயம் ஒரு வீரரின் சராசரியைக் கடந்து அறத்தின் வினாவாக நின்றது. இந்திய நிகழ்வுகளை இதனோடு சமமாக வைப்பது பொருந்தாது. எனினும் சொல்லப்பட்ட காரணத்தை ஐயுறும் உரிமை பார்வையாளருக்கு உண்டு என்பதை இது நிலைநாட்டுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, மண்டலப் பற்றும் வீரர்ப்பற்றும் பின்னறிவு மயக்கமும் அணித்தேர்வு குறித்த மனக்குறையை வளர்க்கின்றன. ஆயினும் ஒரே மண்டலத்தவரிடையேயும், அணி முன்னிலை பெற்றிருந்த நிலையிலும் அது எழுவதை அவற்றால் விளக்க முடியவில்லை. இரண்டாவது, காரணம் சொல்லப்படாத, காலந்தாழ்ந்த, அல்லது முன்சொன்ன சொல்லோடு முரண்பட்ட முடிவுகளே கோபத்தைத் தூண்டுகின்றன. தேர்வாளரின் தகுதியை வரையறுத்த சீர்திருத்தங்கள் இக்குறையைத் தொடவில்லை. மூன்றாவது, அக்கோபத்தின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் விலக்கப்பட்டவரின் இடத்தில் ஆடவந்த இளம் வீரரே.

407 பேரில் 392 பேரை விலக்கும் பணி எளிதன்று. எல்லாரும் மகிழும் பட்டியல் ஒன்றை எந்தக் குழுவாலும் அமைக்க இயலாது. அமைத்த பட்டியலுக்கான காரணத்தை உரிய நாளில் சொல்ல இயலும். அது ரசிகருக்கு அளிக்கும் மதிப்பு என்பதோடு, தேர்ந்தெடுக்கப்பட்ட வீரருக்குத் தேர்வாளர் அளிக்க வேண்டிய பாதுகாப்பும் ஆகும்.